ஜன்னல் கண்ணாடியில் இறுகிப்போன அழுக்கு: தேய்ப்பதற்கு முன்னால் ஊற வையுங்கள்

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். திருவொற்றியூரில் கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடிக்குப் புதிதாக வாடகைக்கு வந்திருக்கிறீர்கள். முன்னால் இருந்தவர்கள் ஜன்னலின் வெளிப்பக்கத்தைத் தொட்டதே இல்லை போலிருக்கிறது. கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரேயை ஒரு பாட்டில் காலி செய்தும் சாம்பல் நிறப் படலம் போகவில்லை, கீழ் ஓரமெல்லாம் வெள்ளைத் திட்டு, பெயின்ட் தெறித்த புள்ளிகள் வேறு. இரும்பு நார் போட்டுத் தேய்க்கலாமா, டாய்லெட் கழுவுகிற ஆசிட்டை ஊற்றிப் பார்க்கலாமா, அதுவும் சரிவராவிட்டால் வீட்டுக்காரரிடம் சொல்லிக் கண்ணாடியையே மாற்றிவிடலாமா?

நாரும் வேண்டாம், அந்த ஆசிட்டும் வேண்டாம். மாற்றுவதைப் பற்றிக் கடைசியில் யோசிக்கலாம். நான் தண்டையார்பேட்டையில் அலுமினிய ஜன்னல், கண்ணாடி வேலை செய்கிறவன். கண்ணாடி மங்கிவிட்டது, மாற்றிக் கொடுங்கள் என்று கூப்பிடுவார்கள், போய்ப் பார்த்தால் கண்ணாடி நன்றாகத்தான் இருக்கும், மேலே ஏறியிருக்கிற அழுக்கை முறையாக யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். இன்னும் சில வீடுகளில் அழுக்கை எடுக்கிறேன் என்று நல்ல கண்ணாடியைக் கீறி வைத்திருப்பார்கள், அதைப் பார்க்கும்போதுதான் மனசு கஷ்டமாக இருக்கும். அழுக்கு போய்விடும், கீறல் போகாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் கண்ணாடியில் இருப்பது ஒரே அழுக்கு இல்லை. நாலைந்து விதமான அழுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறது, ஸ்ப்ரே வேலை செய்யாததற்குக் காரணமே அதுதான். அந்த ஸ்ப்ரே விரல் ரேகை, லேசான தூசி, கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு இதற்காகச் செய்தது. நம் பக்கத்துக் காற்றில் முதலில் உப்பு இருக்கிறது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கடல் பக்கம் பார்த்த ஜன்னல் எதுவாக இருந்தாலும் மதியத்துக்கு மேல் கடல் காற்று திரும்பியதும் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துளிகள் வந்து படியும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துக்கொண்டு தானே நீர்த்துப்போகும். ராத்திரியில் நம் ஊரில் இது சர்வ சாதாரணம். அப்படிக் கசகசவென்று ஆன கண்ணாடிமேல் கன்டெய்னர் லாரிகளின் டீசல் புகைக் கரி, மணலி, எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகளின் நுண்தூசி, ரோட்டு மண் எல்லாம் வந்து ஒட்டும். காலையில் வெயில் ஏறியதும் காய்ந்து இறுகும். மறுநாள் இன்னொரு சுற்று. இதற்கு நடுவே மழைத் தண்ணீர் ஒழுகி, மேல் மாடியில் செடிக்கு ஊற்றிய போர் தண்ணீர் வழிந்து, அது காய்ந்து சுண்ணாம்புப் படிவாக மாறி, கீழே இருக்கிற கரியையும் மண்ணையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் பழைய ஆட்களைக் கேட்டால் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தைச் சொல்வார்கள், மொட்டை மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டி கறுத்துப்போகும் என்பார்கள். உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளுவது நின்றது. எண்ணூரில் பழைய அனல் மின் நிலையத்தையும் 2017-ல் மூடினார்கள். ஆனால் அத்திப்பட்டுப் பக்கம் மின் உற்பத்தி நடந்துகொண்டுதான் இருக்கிறது, நிலக்கரியும் எண்ணூர்த் துறைமுகத்தில் இறங்குகிறது, அதனால் வடக்கே போகப் போக இந்தக் கரியும் சாம்பலும் இன்னும் அதிகம். நகரத்தின் தென்பக்கத்தில் இருக்கிறவர்கள் சொல்கிற 'வாரம் ஒருமுறை நியூஸ்பேப்பரால் துடைத்தால் போதும்' என்கிற யோசனை இங்கே எடுபடாததற்கு இதுதான் காரணம்.

இதில் ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கடினத்தன்மையை அளக்கிற மோஸ் அளவுகோலில் சாதாரண ஜன்னல் கண்ணாடி 5.5 என்கிற அளவில் இருக்கிறது. மணலில் இருக்கிற குவார்ட்ஸ் 7. அதாவது உங்கள் ஜன்னலில் ஒட்டியிருக்கிற மண் துகள் கண்ணாடியைவிடக் கடினம். காய்ந்த துணியை எடுத்து அழுத்தித் தேய்த்தால் கண்ணாடியைக் கீறுவது துணி இல்லை, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மணல். துணி எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் இதுதான் நடக்கும். எனவே முதல் வேலை தேய்ப்பது இல்லை, மணலைத் தண்ணீரோடு கீழே இறக்குவது. அடிப்பிடித்த பால் பாத்திரத்தை ஊற வைக்காமல் எந்த வீட்டிலும் தேய்ப்பதில்லை, கண்ணாடிக்கும் அந்த மரியாதையைக் கொடுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். வெயில் நேரடியாக விழாத நேரமாகப் பாருங்கள். கிழக்குப் பார்த்த ஜன்னலைச் சாயங்காலம், மேற்குப் பார்த்ததைக் காலையில். சுட்ட கண்ணாடியில் எதைத் தெளித்தாலும் ஊறுவதற்குள் காய்ந்துவிடும், சோப்பே புதிய கறையாக மாறும். சட்டத்தில், மூலையில், கம்பியில் இருக்கிற தூசியையும் ஒட்டடையையும் மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் முதலில் தட்டிவிடுங்கள், இல்லையென்றால் அது சேறாகிக் கண்ணாடிமேலேயே வழியும். அப்புறம் வெறும் தண்ணீர். பூவாளி, ஸ்ப்ரே பாட்டில், ஈரத் துணியைப் பிழிந்து மேலிருந்து வழிய விடுவது, எது கைக்கு வருகிறதோ அது. கையால் தொடவே தொடாதீர்கள், தண்ணீர் மட்டும் மேலிருந்து கீழே ஓடட்டும். உப்பு தண்ணீரில் கரைகிற பொருள், அதற்கு வேறு மருந்தே வேண்டாம். பசை மாதிரி பிடித்துக்கொண்டிருந்த உப்பு கரைந்ததும் கரியிலும் மண்ணிலும் பாதி தானே கிளம்பிவிடும். நீங்களே பாருங்கள், முதலில் வழிகிற தண்ணீர் கறுப்பாக இருக்கும், அடுத்தது காவி நிறத்தில், அப்புறம் லேசான கலங்கல். கலங்கல் தெளிகிற வரைக்கும் ஊற்றுங்கள்.

செங்குத்தாக நிற்கிற கண்ணாடியில் தண்ணீர் நிற்காதே, எப்படி ஊற வைப்பது என்று கேட்பீர்கள். பழைய பனியன் துணியையோ நியூஸ்பேப்பரையோ தண்ணீரில் நனைத்துக் கண்ணாடியில் அப்படியே ஒட்டிவிடுங்கள், அது தானே பிடித்துக்கொள்ளும். பத்து இருபது நிமிஷம் இருக்கட்டும், நடுவில் காய்கிற மாதிரி இருந்தால் மேலே இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். நியூஸ்பேப்பரைத் துடைப்பதற்குப் பயன்படுத்துவதைவிட இப்படி ஊற வைப்பதற்குப் பயன்படுத்துவதுதான் எனக்குப் பிடிக்கும்.

அடுத்தது சோப்பு. டீசல் கரியிலும் சமையல் புகையிலும் எண்ணெய் இருக்கிறது, அது வெறும் தண்ணீருக்கு அசையாது. அரை பக்கெட் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற திரவ சோப்பு ஒரு டீஸ்பூன், அதற்குமேல் போட்டால் நுரையைக் கழுவியே கை ஓய்ந்துவிடும். மைக்ரோஃபைபர் துணியோ மெத்தென்ற ஸ்பான்ஜோ எடுத்து, நிறையத் தண்ணீர் வைத்து, அழுத்தாமல் மேலிருந்து கீழே இழுங்கள். இரண்டு பக்கெட் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றதில் துணியை அலசுகிற தண்ணீர். ஒரே பக்கெட்டில் முக்கி முக்கித் துடைத்தால் இறக்கிய மணலைத் திரும்பக் கண்ணாடிக்கே ஏற்றுகிறீர்கள். சமையலறை ஜன்னலாக இருந்து எண்ணெய் மஞ்சளாகப் பிசின் மாதிரி இறுகியிருந்தால் வெந்நீரில் ஒரு ஸ்பூன் சலவை சோடா கலந்து துணியில் நனைத்து ஒட்டி வையுங்கள், நன்றாக விடும். ஆனால் சலவை சோடா அலுமினியச் சட்டத்துக்கு ஆகாது, பளபளப்பு போய் வெளுத்துவிடும், கைக்கும் கையுறை வேண்டும். சட்டத்தில் பட்டால் உடனே கழுவிவிடுங்கள்.

இவ்வளவும் செய்து கழுவிக் காயவிட்ட பிறகு நின்று பாருங்கள். இந்த இடத்தில் அவசரப்படாமல் பார்ப்பதுதான் முக்கியம், ஏனென்றால் இனி மிச்சம் இருப்பது எந்த ஜாதி அழுக்கு என்று தெரிந்தால்தான் மருந்து தெரியும். உள்ளங்கையால் தடவுங்கள். சொரசொரப்பாக, வெள்ளையாக, சொட்டுச் சொட்டாக வட்டம் போட்டோ கீழ் நோக்கி வழிந்த கோடாகவோ இருந்தால் அது உப்புத் தண்ணீர்க் கறை என்று நாம் சொல்கிற சுண்ணாம்புப் படிவு. நகத்தால் ஓரத்தைத் தட்டினால் மேடாகத் தட்டுப்பட்டுக் கடினமாக இருப்பது பெயின்ட் அல்லது சிமென்ட். காவிக் கோடு என்றால் ஜன்னல் கம்பியிலிருந்து இறங்கிய துரு. கை வழவழவென்று போகிறது ஆனால் கண்ணுக்கு மங்கலாக இருக்கிறது என்றால், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சுண்ணாம்புப் படிவுக்குச் சோப்பு ஒன்றும் செய்யாது, அதற்குப் புளிப்பு வேண்டும். சமையலுக்கு விற்கிற வெள்ளை வினிகர் போதும், அதில் அசிட்டிக் ஆசிட் 4, 5 சதவீதம் இருக்கும். அதைவிட எனக்குப் பிடித்தது சிட்ரிக் ஆசிட், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள். வினிகர் மாதிரி நாறாது, விலையும் கட்டுப்படியாகும். நிறைய ஜன்னல் இருந்தால் பாரிமுனைப் பக்கம் நைனியப்ப நாயக்கன் தெருவில் கெமிக்கல் கடைகளில் கிலோ கணக்கில் வாங்கலாம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு டேபிள்ஸ்பூன் போட்டுக் கரைத்து, துணியை நனைத்துப் பிழிந்து திட்டுமேல் ஒட்டிவிடுங்கள். படிவு தடிமனாக இருந்தால் துணியைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள், வெள்ளைத் திட்டின் ஓரத்தில் ஊசி முனை அளவுக்குக் குட்டிக் குட்டியாக நுரை கிளம்பும், சுண்ணாம்பு கரைந்து காற்றாகப் போகிறது என்று அர்த்தம். நுரை நின்றுவிட்டால் அந்தப் புளிப்பு தீர்ந்துவிட்டது, புதுசாக நனைத்து ஒட்டுங்கள். பல வருஷப் படிவு ஒரே தடவையில் போகாது, அடுக்கு அடுக்காகத்தான் இறங்கும். ஒவ்வொரு தடவைக்கு நடுவிலும் ஈர ஸ்பான்ஜால் துடைத்துப் பாருங்கள், அதற்குமேல் பலம் காட்ட வேண்டாம். கம்பித் துருவுக்கும் இதே சிட்ரிக் ஆசிட்தான், கூடுதல் நேரம் வைக்க வேண்டும்.

இதில் ஒரு ஜாக்கிரதை. புளிப்பு கீழே வழிந்து எதில் படுகிறது என்று பாருங்கள். கடப்பாக் கல் சுண்ணாம்புக் கல் ஜாதி, மார்பிளும் அப்படியே, வினிகர் பட்டால் மெருகு போய் வெளுத்த தடம் நிரந்தரமாக நின்றுவிடும். பழைய வீடுகளில் ஜன்னல் திண்டில் கடப்பாக் கல்தான் போட்டிருப்பார்கள், மொசைக் தரையிலும் மார்பிள் சில்லு உண்டு. ஜன்னல் அடியில் கெட்டியான ஈரத் துணியோ பிளாஸ்டிக் ஷீட்டோ போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கண்ணாடி, சட்டம், கண்ணாடி ஓரத்தைப் பிடித்திருக்கிற ரப்பர் பட்டை (பீடிங்) எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

டாய்லெட் ஆசிட் பற்றிக் கேட்டதற்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட். சுண்ணாம்பை எடுக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அலுமினியச் சட்டத்தை அரிக்கும், கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், சுவர்ப் பூச்சை உதிர்க்கும், மூன்றாவது மாடியிலிருந்து வழிந்தால் கீழே போகிறவர் தலையில் விழும், நெருக்கமாக வீடுகள் இருக்கிற தெருவில் இது சின்ன விஷயம் இல்லை. அது ப்ளீச்சிங் பவுடரோடோ ப்ளீச்சிங் கலந்த கிளீனரோடோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் மூச்சு முட்டிவிடும். தயவுசெய்து இரண்டையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் எடுக்காதீர்கள். கறை போக்க என்று லேபிள் இல்லாத பாட்டிலில் விற்கிற திரவங்களும் வேண்டாம். சிலவற்றில் ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் இருக்கும், அது கண்ணாடியையே தின்கிற ஆசிட், தோலில் பட்டால் எலும்பு வரைக்கும் போய் உயிருக்கே ஆபத்தாகும்.

இப்போது பெயின்ட், சிமென்ட். இங்கேதான் பிளேடு வருகிறது. அதற்கும் ஊற வைத்த பிறகுதான். சுவருக்கு அடிக்கிற எமல்ஷன், டிஸ்டெம்பர் என்றால் வெந்நீர் சோப்புத் துணியை ஒட்டி வைத்தாலே இளகும். வெறும் சுண்ணாம்பு தெறித்தது என்றால் மேலே சொன்ன வினிகரே எடுத்துவிடும். கதவு, கம்பிக்கு அடிக்கிற எனாமல் என்றால் துணி நுனியில் கொஞ்சம் தின்னரைத் தொட்டுப் புள்ளிமேல் மட்டும் வையுங்கள், ரப்பர் பீடிங்கிலும் வார்னிஷ் அடித்த மரத்திலும் படக்கூடாது, அடுப்பு எரிகிற நேரத்தில் தின்னர் டப்பாவைத் திறக்கவும் கூடாது. சிமென்ட் காய்ந்து பல நாள் ஆகிவிட்டால் கஷ்டம்தான், அதில் இருக்கிற காரம் கண்ணாடியையும் கொஞ்சம் தின்றிருக்கும். சிட்ரிக் துணியை ஒட்டி ஒட்டிப் பலவீனப்படுத்தித்தான் எடுக்க முடியும். பக்கத்தில் பூச்சு வேலை நடக்கிறது என்றால் அன்றைக்கே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள், ஈரமாக இருக்கிற சிமென்ட் ஒரு கப் தண்ணீரில் போய்விடும்.

பிளேடு பிடிக்கிற முறை: ஹார்டுவேர் கடையில் பிடியோடு கண்ணாடி ஸ்க்ரேப்பர் என்று கிடைக்கும், அதை வாங்குங்கள், ஷேவிங் பிளேடைக் கையில் பிடித்து வேலை செய்தால் விரல் போகும். புது பிளேடு போடுங்கள். விளிம்பில் துரு இருந்தாலோ சின்னதாக ஒரு பல் உடைந்திருந்தாலோ அது கோடு போட்டுக்கொண்டே போகும். கண்ணாடி சோப்புத் தண்ணீரில் சொட்டச் சொட்ட நனைந்திருக்க வேண்டும். பிளேடைச் சுமார் 30 டிகிரி சாய்வில் படுக்க வைத்து, ஒரே திசையில் முன்னோக்கித் தள்ளுங்கள். தள்ளியதும் தூக்குங்கள், துடையுங்கள், திரும்ப வைத்துத் தள்ளுங்கள். முன்னும் பின்னும் இழுக்காதீர்கள், பின்னால் இழுக்கும்போதுதான் பிளேடுக்கு அடியில் மாட்டிய துகள் கீறும். மணல் முழுக்கப் போகாத கண்ணாடியில் பிளேடு எடுக்கவே எடுக்காதீர்கள், இதற்காகத்தான் முதலில் தண்ணீர், அப்புறம் சோப்பு, அதற்குப் பிறகு பிளேடு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். பிளேடு நன்றாகப் போகும்போது பெயின்ட் சுருள் சுருளாகச் சுருண்டு வரும், சத்தமே இருக்காது. கரகரவென்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்திக் கழுவுங்கள்.

எல்லாக் கண்ணாடிக்கும் பிளேடு ஆகாது. மூலையில் சின்னதாக முத்திரை குத்தியிருந்தால் அது டஃபன்டு கண்ணாடியாக, அதாவது சூடாக்கிப் பலப்படுத்திய கண்ணாடியாக இருக்கலாம், அதைச் சூளையில் சூடாக்கித் தயாரிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் மேல்பரப்பில் ஒட்டிப்போயிருக்க வாய்ப்புண்டு, பிளேடு அதைப் பெயர்த்து இழுத்துக் கீறிவிடும். ஒரு ஓரத்தில் சின்ன இடத்தில் செய்து பார்த்துவிட்டுத் தொடருங்கள். சன் ஃபிலிம் ஒட்டிய பக்கத்திலும் கண்ணாடி மாதிரி எதிரொளிக்கிற பூச்சு உள்ள பக்கத்திலும் பிளேடும் வேண்டாம், அமோனியா கலந்த கிளீனரும் வேண்டாம், சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரும்பு நார், பச்சை நார், உப்புத்தாள், துணி துவைக்கிற பவுடரைக் காய்ந்தபடி தூவித் தேய்ப்பது இதெல்லாம் எந்தக் கண்ணாடிக்கும் வேண்டாம். ஆப்ப சோடாவை மட்டும் தண்ணீரில் குழைத்து மெதுவாகத் தேய்க்கலாம், அது கண்ணாடியைவிட மிருது.

ஸ்டிக்கர் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி நேரம் விட்டுத் துடைத்துவிட்டுச் சோப்பு போடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூரில் கச்சா எண்ணெய் பரவியபோது சுவரிலும் கதவிலும் கறுப்பாக ஏறிய மாதிரியான எண்ணெய்க் கறைக்கும் இதே முறைதான், எண்ணெயை எண்ணெயால் இளக்கி, அப்புறம் சோப்பு. நேரே தண்ணீர் ஊற்றினால் பரவத்தான் செய்யும். புறா எச்சம் காய்ந்திருந்தால் காய்ந்தபடி சுரண்டாதீர்கள், அந்தத் தூள் மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கெடுதல். முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஈர பேப்பரை மேலே ஒட்டி ஊற வைத்து, பேப்பரோடு சேர்த்து எடுத்துவிடுங்கள்.

இனி, தடவினால் வழவழப்பு, பார்த்தால் மங்கல் என்று மேலே விட்டுவைத்தது. கண்ணாடியில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது தெளிவாகி, காய்ந்ததும் திரும்ப மங்கினால் இரண்டில் ஒன்று: மெல்லிய படிவு இன்னும் இருக்கிறது, அல்லது கண்ணாடியே அரித்துப்போயிருக்கிறது. உள்ளங்கை அளவு இடத்தில் சிட்ரிக் துணியை ஒரு மணி நேரம் வைத்து, கழுவிக் காயவிட்டுப் பாருங்கள். தெளிந்தால் படிவு, வேலையைத் தொடரலாம். துளிகூட மாற்றம் இல்லை என்றால் அரிப்பு. பல வருஷம் உப்பும் ஈரமும் மாறி மாறி நின்றால் கண்ணாடியில் இருக்கிற சோடியம் வெளியே கசிந்து, மேலே நிற்கிற ஈரத்தைக் காரமாக்கி, அந்தக் காரம் கண்ணாடியின் மேல்தோலையே கரைக்கும். அங்கே துடைத்தெடுக்க ஒன்றும் இல்லை, அழுக்கு என்று எதுவும் இல்லாததால். சீரியம் ஆக்சைடு பவுடரைத் தண்ணீரில் குழைத்து ஃபெல்ட் பேட் போட்டு மெஷினில் மெருகேற்றலாம், லேசான மங்கலுக்குப் பலன் உண்டு, ஆழமாகப் போனதற்குக் கிடையாது. உங்களுக்கு அந்த நிலைமை என்றால் வாடகை வீட்டில் அந்தச் செலவு உங்கள் தலையில் விழத் தேவையில்லை, வீட்டுக்காரரிடம் இந்தச் சோதனையைச் செய்து காட்டிப் பேசுங்கள்.

எல்லாம் முடிந்து கடைசியாகக் கழுவுகிற தண்ணீர் ரொம்ப முக்கியம். கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. அதை ஊற்றிக் காயவிட்டால் அன்றைக்கே புதுத் திட்டு தொடங்கிவிடும். மற்ற எல்லா வேலைக்கும் போர் தண்ணீர் போதும், கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு ஜன்னலுக்கு ஒரு மக் கேன் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஏசி இருந்தால் இன்னும் நல்லது, அதன் குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்புச் சத்து கிட்டத்தட்ட இல்லை, ஒரு பக்கெட் வைத்துப் பிடித்துக்கொள்ளலாம். ஊற்றியதும் காய விடாமல் கண்ணாடி வைப்பரை மேலிருந்து கீழே இழுங்கள், ஒவ்வொரு இழுப்புக்கும் ரப்பரைத் துடைத்துக்கொள்ளுங்கள். வைப்பர் இல்லை என்றால் பழைய வேட்டித் துணி, பலமுறை துவைத்து மெத்தென்று ஆனது, அதைவிட நல்ல துணி கிடையாது.

மூன்றாவது மாடி என்பதால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வெளிப்பக்கத்துக்காக ஜன்னல் விளிம்பில் உட்காருவது, சன்ஷேடில் இறங்கி நிற்பது, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே சாய்வது, இது எதையும் செய்யாதீர்கள், வேலைக்கு வருகிற அம்மாவையும் செய்யச் சொல்லாதீர்கள். சன்ஷேடு ஆள் நிற்பதற்குக் கட்டியது இல்லை, கடல் காற்றில் உள்கம்பி துருப்பிடித்துப் பலவீனமாக இருக்கும். உங்கள் வீட்டில் இருப்பது ஸ்லைடிங் ஜன்னல் என்றால் வெளிப்பக்கத்தை எட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஷட்டரை, அதாவது நகர்கிற கண்ணாடிப் பலகையை, இரண்டு பேராகப் பிடித்து மேல் ட்ராக்குக்குள் தூக்கினால் கீழ்ப் பக்கம் ட்ராக்கிலிருந்து விடுபடும், அதை அறைக்கு உள்பக்கமாக இழுத்து இறக்கிவிடலாம். தூக்க விடாமல் தடுக்கிற ஸ்க்ரூவோ பிளாஸ்டிக் கட்டையோ மேலே இருந்தால் முதலில் அதைக் கழற்ற வேண்டும். இறக்கி, பாத்ரூமில் பழைய மிதியடிமேல் சாய்த்து வைத்து நிம்மதியாக ஊற வைத்துக் கழுவுங்கள், மேலே சொன்ன எல்லாமே அங்கே பாதி நேரத்தில் முடியும். ஷட்டர் பெரியது, கனமானது என்றாலோ சக்கரம் துருப்பிடித்து மக்கர் செய்தாலோ ஒரு அலுமினிய வேலைக்காரரைக் கூப்பிடுங்கள். அசையாத ஃபிக்ஸட் கண்ணாடிக்கு நீளக் கழி வைத்த வைப்பர் வாங்கி, பக்கத்து ஜன்னல் வழியாக உள்ளே நின்றபடி எட்டுகிற வரைக்கும் செய்யுங்கள், எட்டாததை விட்டுவிடுங்கள்.

ஷட்டரை இறக்கியபோதே கீழ் ட்ராக்கையும் பார்த்துவிடுங்கள். மண்ணும் முடியும் செத்த பூச்சியும் சேர்ந்து கறுப்பு அப்பளமாக உட்கார்ந்திருக்கும். பழைய டூத் பிரஷ்ஷும் கொஞ்சம் சோப்புத் தண்ணீரும் போதும். ட்ராக்கின் வெளிப்பக்கச் சுவரில் சின்னச் சின்ன நீளத் துளைகள் இருக்கும், மழைத் தண்ணீர் வெளியேறுவதற்காகப் போட்டவை. அதைக் குச்சியால் குத்தித் திறந்து, ஒரு மக் தண்ணீர் ஊற்றி வெளியே போகிறதா என்று பாருங்கள். அக்டோபரில் மழை பிடிப்பதற்குள் இதைச் செய்துவிட்டால் வீட்டுக்குள் தண்ணீர் வருவதும் நிற்கும்.

அதற்குப் பிறகு பராமரிப்பு பெரிய வேலை இல்லை. கடல் பக்க ஜன்னலுக்கு வாரம் ஒருமுறை வெறும் தண்ணீர் தெளித்து வைப்பர் இழுத்தால் போதும், உப்பு சேர விடாமல் இருந்தால் மற்றது ஒட்டாது. போகி முடிந்த மறுநாளும் ஒரு தடவை கழுவிவிடுங்கள், அன்றைய புகைக் கரி எண்ணெய்ப் பசையோடு இருக்கும், பழகவிட்டால் சோப்பு இரண்டு சுற்று கேட்கும். மேல் மாடிச் செடித் தொட்டித் தண்ணீர் உங்கள் கண்ணாடியில் வழிகிறது என்றால் அவர்களிடம் நல்லபடியாகச் சொல்லித் தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கச் சொல்லுங்கள். முதல் ஜன்னலைச் செய்து பார்த்துவிட்டு எது போகவில்லை என்று வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள், படிவா அரிப்பா என்று பார்த்துச் சொல்கிறேன்.